வாசற்படியில் நின்ற விதானையார்

என் வீட்டில் இப்போது நடக்கிற ஆள் நான் ஒருத்திதான். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் நடையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். கை வீசுகிறதா, குதி முதலில் நிலத்தில் படுகிறதா, திரும்பும்போது சின்னச் சின்ன அடியாக வைக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெற்றபின் பார்ப்பதற்கு நடை இல்லை. காலையில் கிணற்றடிக்குப் போய் வரும்போது என் செருப்புச் சத்தத்தை நானே கேட்டு, 'இந்த மனுசி இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறாள்' என்று எனக்கு நானே குறை சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் என்னோடு கிளினிக்கில் வேலை செய்த பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். நடுக்குவாத நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே, மருந்துக் குளிசை குடிக்க முன் ஒருதரம், குடித்தபின் ஒருதரம் நடந்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறார்களாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு மாணவி அந்தப் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாளாம். "மிஸ், இந்த முன்னும் பின்னும் பாக்கிற வழக்கம் உங்கட காலத்திலதான் வந்ததாம். எப்பிடி வந்தது எண்டு எழுதித் தாங்களன்" என்றார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று கோப்பைகளையும் உடனே கழுவ எனக்கு மனம் வரவில்லை. மேசையில் அவை கிடந்தவரைக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பதுபோல இருந்தது.

கேட்டார்கள், எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது கிளினிக்கின் வழக்கத்தைப் பற்றி. எனக்கு எழுத வருவது ஒரு புருஷனையும் பெண்சாதியையும் பற்றி.

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் சனத்துக்குப் 'பிசியோ மிஸ்'. கொழும்பில் படித்தேன். விளங்காத சிங்களத்திலும் அரைகுறை ஆங்கிலத்திலும் எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கி எப்படியோ கரையேறினேன். நியமனம் கிடைத்து மட்டக்களப்புக்கு வந்தபோது சண்டைக்காலம். கால் போனவர்களுக்குப் பொய்க்கால் மாட்டி நடக்கப் பழக்குவதே வேலையாக இருந்தது. கால் இருந்தும் நடக்க முடியாதவர்களை அந்த நாட்களில் நான் அதிகம் காணவில்லை. அவர்கள் வீடுகளுக்குள் இருந்தார்கள். வயது போனால் அப்படித்தான் என்று ஒரு மூலையில் கதிரை போட்டு இருத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்திலேயே அப்பா எனக்கு அமிர்தகழியில் ஒரு வீடு கட்டி முடித்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். எனக்கு வீடு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. பேசி வந்த ஒன்றிரண்டு இடங்களும் சண்டையில் திக்குத் திக்காகப் போயின. பிறகு வயது போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் நரம்பு வைத்திய நிபுணராக டொக்டர் நிலந்தி வந்தார். தெற்கே எங்கோ பிறந்த சிங்களப் பெண். தமிழை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டார். அதனால் புத்தகத் தமிழும் எங்கள் ஊர்த் தமிழும் அவர் வாயில் கலந்து கிடக்கும். திரும்பி வாருங்கள் என்பதற்கு 'கிறுகி வாங்க' என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் டொக்டர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஏன், கிறுகினாங்கதானே?" என்று கேட்டுவிட்டு நிலந்தி தன் வேலையைப் பார்த்தார்.

அவர் ஒரு நோயாளியைப் பார்க்கிற விதத்தை நான் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதலில் தன் பெயரைச் சொல்லுவார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் நோயாளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். குளிர்ந்த கை பட்டால் தசை தானாக இறுகும், அது பொய் இறுக்கம் என்பார். மணிக்கட்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே, மற்றக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லுவார். ஒளிந்திருக்கிற விறைப்பு அப்போதுதான் வெளியே வரும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்துத் தட்டச் சொல்லுவார். தட்டத் தட்ட விரலிடை சுருங்கிக்கொண்டு போகிறதா என்று பார்ப்பார். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையால் எழும்பச் சொல்லுவார். விறாந்தையில் நடந்து, கிறுகி, வரச் சொல்லுவார். கடைசியாக நோயாளிக்குப் பின்னால் நின்று, "இப்ப நான் பின்னால இழுப்பன், நீங்க விழாமப் பாருங்க, விழுந்தா நான் பிடிப்பன்" என்று சொல்லிவிட்டுத் தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். இந்த வேலையை மட்டும் வேறு யாரிடமும் விடமாட்டார். பிடிப்பேன் என்று சொன்னவர்தானே பிடிக்க வேண்டும்.

சட்டைப் பொத்தானை நோயாளியே பூட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம். எவ்வளவு நேரம் போனாலும் நான் கை வைக்கக்கூடாது. வெளியே வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். அவர் காத்திருப்பார், கடைசிப் பொத்தான் பூட்டியதும் "நல்லம்" என்பார்.

இந்த நடுக்குவாத நோயில் கால் உறைந்து போவது என்று ஒன்று உண்டு. வெளியில் நன்றாக நடந்து வருகிற ஆள் வாசலைக் கண்டதும் நின்றுவிடுவார். பாதம் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னுக்குப் போகும், கால் வராது, விழுவார். அதற்குக் கைகண்ட வழி, காலுக்கு முன்னால் தாண்டுவதற்கு ஏதாவது ஒன்றைக் காட்டுவது. நிலத்தில் ஒரு கோடு போதும். ஏன் என்று டொக்டரிடம் கேட்டேன். "தானாக நடக்கிற பாதை மூளையில அடைபட்டுப் போச்சு. பார்த்து நடக்கிற பாதை இன்னும் திறந்து இருக்கு" என்றார். விறாந்தையில் குறுக்காகக் கோடுகள் ஒட்டி, கோட்டோடும் கோடில்லாமலும் நடை எப்படி மாறுகிறது என்று நாங்கள் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். அளப்பது நான்.

கோடு இல்லாத இடத்தில் என்ன செய்வது? கூட இருப்பவர் தன் காலை அவருடைய காலுக்கு முன்னால் குறுக்கே நீட்ட வேண்டும். அவர் அதைத் தாண்டுவார். ஒன்றைத் தாண்டிவிட்டால் அடுத்த அடி வந்துவிடும். இதை எங்கள் சனத்துக்குச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமல்ல. ஒருவரை ஒருவர் தாண்டுவதும் கால் படுவதும் இங்கே மரியாதைக் குறைவு. மகன்மார் நீட்டுவார்கள். பெண்சாதிமார் நீட்டவே மாட்டார்கள்.

அப்படி நீட்டமாட்டேன் என்று நின்றவர்தான் நேசம்மா. வாவிக்கு மறுகரையில், வவுணதீவுப் பக்கம் வீடு. அவருடைய கணவர் கணபதிப்பிள்ளை, வட்டை விதானையாக இருந்தவர். ஒரு வயற்பரப்பு முழுவதையும் நாங்கள் வட்டை என்போம். அந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாருக்கு முதல் விடுவது என்று தீர்க்கிறவர் விதானை. ஒரு தலைப்பில் நின்று கூப்பிட்டால் மறு தலைப்பில் மாடு திரும்பிப் பார்க்குமாம், அப்படிப்பட்ட குரல். என்னிடம் வந்தபோது அந்தக் குரல் உதட்டைத் தாண்டவில்லை. முகமும் அசையவில்லை. சிரிப்பு, கோபம், வெட்கம் எதுவும் அதில் ஏறவில்லை. இதுவும் இந்த நோயின் வேலைதான்.

"எண்ட காலை அவருக்கு முன்னால நீட்டுறதா? வேணாம் மிஸ்" என்றார் நேசம்மா. "தெரியாமக் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற ஆக்கள் நாங்க. நான் ஒரு தடியக் கிடத்துறன்."

விதானையார் வரம்பில் ஊன்றி நடந்த பழைய தடி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கையோடு கொண்டு திரிந்து ஒவ்வொரு வாசலிலும் கிடத்துவார். அவர் தாண்டியதும் எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடுவார். ஆஸ்பத்திரியில் வாசல்களுக்குக் குறைவில்லை. பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

விதானையாரின் நிலைமை வர வர மோசமாகிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தியதைவிட விறைத்துப்போய் வந்தார். "குளிசை ஒழுங்காக் குடிக்கிறாரா?" என்று டொக்டர் கேட்பார். "ஓம் டொக்டர், ஒரு நேரமும் விடுறல்ல" என்பார் நேசம்மா. டொக்டர் கொஞ்சம் கூட்டுவார். அடுத்த முறை பார்த்தால் அதே விறைப்பு. இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

ஒரு கிளினிக் நாள், டொக்டர் பார்த்து முடித்தபின் விதானையாரை விறாந்தை வாங்கில் இருத்திவிட்டு நேசம்மா என் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"மிஸ், நான் ஒரு கதை சொல்லப்போறன். டொக்டருக்குச் சொல்லப்படாது. இவரை மச்சாள் வீட்டுக்கு அனுப்பப்போறன்."

மச்சாள் என்றது விதானையாரின் தங்கை பாக்கியத்தை. அவர் என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அமிர்தகழியில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஆண் குடியிருப்பது பெண்சாதியின் வீட்டில். அந்த வீட்டால் அனுப்பினால் அவருக்குப் போக்கிடம் சகோதரியின் வீடுதான். அனுப்புவது என்றால் சும்மா விருந்துக்கு அனுப்புவது அல்ல. ஊருக்கு அதன் கருத்துத் தெரியும்.

"என்னக்கா நடந்தது?" என்றேன்.

"நெல்லு மூட்டை அடுக்கிற அறைக்குள்ள ஒருத்தன் நிக்கானாம். வெள்ளைச் சட்டையாம். முதல்ல சும்மா ஆள் நிக்கான் எண்டார். பேய் எண்டு நினைச்சு நூலும் கட்டினன். மறுகா சொல்றார், அவன் எனக்கிட்ட வாறவனாம். நான்தான் கூப்பிட்டு வச்சிரிக்கனாம். எனக்குப் பேரப்பிள்ளைகள் இரிக்கி மிஸ்." சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கத்திச் சொன்னாலும் பரவாயில்ல, கோவத்தில சொல்றார் எண்டு இரிப்பன். முகத்தில ஒண்டுமில்லாம, சோறு கேக்கிற மாதிரிச் சொல்றார். ஒவ்வொரு நாளும் சொல்றார்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார். புட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அதற்கு அடியிலிருந்து குளிசைப் போத்தலையும் எடுத்தார்.

"இது எந்த நேரத்துக் குளிசை அக்கா?"

"விடியக் குடிக்கிறதுதான். இனித்தானே குடுக்கணும், டொக்டர் பாத்திட்டா."

"விடியக் குடுக்கல்லையா?"

"கிளினிக்குக்கு எப்பிடி மிஸ் குடிச்சிட்டு வாறது?" என்னை விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குளிசையக் குடிச்சிட்டு வந்தா டொக்டர் குளிசையத்தானே பாப்பா. வருத்தத்தைப் பாப்பாவா?"

நான் எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஆளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. குளிசைக் கதையை மட்டும் சொன்னேன்.

டொக்டர் நிலந்தி விதானையாருக்குப் புட்டைக் கொடுக்கச் சொன்னார், குளிசையைக் கொடுக்கச் சொன்னார். பிறகு அதே வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். வரிசை நீண்டது. தாதி வந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணித்தியாலம் அளவில், மரம்போல இருந்த விதானையாரின் கழுத்து மெல்ல அசையத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு கை, கொடியில் போட்ட துணி காற்றுக்கு ஆடுவதுபோல நிற்காமல் ஆடியது. அது நோய் அல்ல, குளிசை மிஞ்சிப்போனதன் அடையாளம்.

"வீட்டில எப்பவும் இப்பிடி ஆடுறாரா?"

"ஓம் டொக்டர். ஆட்டமும் வருத்தம்தானே" என்றார் நேசம்மா.

டொக்டர் எழும்பி, ஆட்கள் காத்திருந்த மண்டபத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "இண்டைக்குக் காலையில குளிசை குடிச்ச ஆக்கள் கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. காத்தான்குடியிலிருந்து தகப்பனைக் கூட்டி வந்த ஒரு பெண், தன் தகப்பனாரைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவள்போல முந்திக்கொண்டு சொன்னாள்: "வாப்பா நேத்து ராவு குடிச்சதுதான் டொக்டர், அதுக்குப் பொறகு தண்ணிகூடக் குடிக்கல்ல. சீனி வருத்தக் கிளினிக்குக்கும் அப்பிடித்தான் வாற, வெறும் வயித்தில." மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

அவ்வளவு பேரும் எங்களுக்கு மரியாதை செய்துகொண்டு பட்டினியாக வந்திருந்தார்கள். நோயை உள்ளது உள்ளபடி டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று குளிசையை நிறுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் அந்த விறைப்பைப் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போனோம். டொக்டர் ஏசவுமில்லை, சிரிக்கவுமில்லை. "குளிசை குடிக்கிறீங்களா எண்டு கேட்டன். இண்டைக்குக் குடிச்சீங்களா எண்டு கேக்கல்ல" என்றார், தனக்கே சொல்வதுபோல. அன்று பின்னேரம் எங்கள் ஆராய்ச்சியின் அளவுகள் முழுவதையும் ஒதுக்கிவைத்தார். "இது நோயின்ட அளவு இல்ல, மிஸ். கிளினிக் நாளின்ட அளவு. முதல்லயிருந்து தொடங்குவம்." குளிசைக்கு முன்னும் பின்னும் பார்க்கிற வழக்கம் அடுத்த கிளினிக்கில் தொடங்கியது. பிள்ளைகள் கேட்ட விஷயம் இத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை.

டொக்டர் திரும்பி வந்து நேசம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்: "ஐயா வீட்டில இல்லாத ஆக்களைக் காணுறாரா? இந்தக் குளிசை கூடினா அப்பிடி வரும்." நேசம்மா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். "ஓம்" என்றார் அவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"அது அவர் சொல்றது இல்ல, அம்மா. குளிசை சொல்றது."

நேசம்மா தலையை நிமிர்த்தினார். "ஆளைக் காட்டினது குளிசையாகவே இரிக்கட்டும் டொக்டர். அவன் எனக்கிட்டத்தான் வாறான் எண்டு சொன்னதும் குளிசையா? குளிசைக்கு என்னைத் தெரியுமா?"

"அதுவும் குளிசைதான்" என்றார் டொக்டர். அது உண்மை. இந்த மருந்து மிஞ்சினால் சந்தேகமும் வரும், அதுவும் ஆக நெருங்கினவர் மேலேயே வரும். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மனுசனோடு குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு அதை ஒரு வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. அந்தக் கிழமையே விதானையாரை அமிர்தகழியில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். துணிப்பையும் தடியும் வரவில்லை. துணிப்பை பிறகு வந்தது.

திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். வேலை முடிந்து வரும் வழியில் நான் பாக்கியத்தின் வீட்டுக்குப் போவேன். கையைத் தூக்கவைப்பேன், எழும்பி இருக்கவைப்பேன். குரலுக்குப் பயிற்சியாக, முந்தி வட்டையில் கூப்பிட்டதுபோலக் கூப்பிடச் சொல்லுவேன். "தண்ணி துறக்கப் போறம்" என்பார். முற்றத்துக் கோழிகூடத் திரும்பாது. பயிற்சி முடிந்தும் நான் கொஞ்ச நேரம் இருப்பேன். உண்மையைச் சொன்னால் வைத்தியத்துக்கு மட்டும் நான் அங்கே போகவில்லை. என் வீட்டில் பேசாத சுவர். அங்கே பேசாத மனுசன். சுவரை விட மனுசன் நல்லது.

வெள்ளைச் சட்டைக்காரன் மெல்ல மெல்ல மறைந்தான். ஆட்டமும் நின்றது. அதோடு நடையும் குறைந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் விதானையாருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "கொஞ்சம் கூட்டினா இன்னும் நல்லா நடக்கலாம். ஆனா அந்த ஆள் திரும்பி வரலாம். இப்பிடியே விட்டா நடை கஷ்டம். எது வேணும், ஐயா? நீங்கதான் சொல்ல வேணும்."

விதானையார் பதில் சொல்ல நேரம் எடுத்தது. பாக்கியம் குறுக்கே பேச வாயெடுத்தார், டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன் வரவேணாம்" என்றார் விதானையார். குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நடக்காட்டி இரிப்பன். அவளில ஒரு பிழையுமில்ல."

வட்டை முழுக்க நடந்து திரிந்த மனுசன் தன் நடையைத் தானே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தது யாருக்காகவோ, அவர் அங்கே இல்லை.

ஆடி அமாவாசை வந்தது. எங்கள் ஊர் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு, வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனம் எல்லாம் எங்கள் ஒழுங்கைகளால்தான் வரும். விதானையார் விடியவே தன்னைக் கேற்றடியில் இருத்தச் சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன். வவுணதீவு ஆட்கள் கண்டு, நின்று, சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியபின், தீர்த்தமாடிய ஈரத் தலையோடு நேசம்மா வந்தார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். சனம் நடுவால் போய்க்கொண்டிருந்தது. விதானையாரின் முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கதிரைக் கையில் கிடந்த வலது கை படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மனம் அசைந்தால் இந்த நோயில் நடுக்கம் கூடும். முகத்துக்கு வரமுடியாதது கைக்கு வரும். அது அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நான் சனத்தை விலக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடப்பதற்குள் நேசம்மா போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாலம் கடந்து வவுணதீவுக்குப் போனேன். யாரும் அனுப்பிப் போகவில்லை. நேசம்மா நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கோவம் இன்னும் மாறல்ல மிஸ்" என்றார், நான் கேட்குமுன்பே. "முகத்தைப் பாத்தன்தானே."

"முகத்தைப் பாக்காதீங்க அக்கா. முகம் நோயின்ட கையில இரிக்கி. கையைப் பாருங்க. அண்டைக்கு உங்களைக் கண்ட நேரம் அந்தக் கை அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும்." டொக்டர் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னேன். நேசம்மா நெல்லைக் காலால் துழாவுவதை நிறுத்தவில்லை. முற்றத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

"பிழையில்ல எண்டவரா?"

"ஓம்."

"அவர்ர வாயால?"

"ஓம் அக்கா."

நெல்லில் இன்னொரு சுற்றுத் துழாவினார். "கூட்டிக்கொண்டு வாங்க" என்றார் பிறகு. "ஆனா வீட்டில வந்து என்னை ஏறெடுத்துப் பாக்காம இரிந்தா, நான் திருப்பி விட்டிருவன். சொல்லிப்போட்டன்."

ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம், பாக்கியமும் நானும். பாக்கியம் உள்ளே வர விரும்பாமல் ஓட்டோவிலேயே இருந்துகொண்டார். அண்ணனை அனுப்பிய வீடு அல்லவா, அவருக்கும் ஒரு வீம்பு. முற்றத்தில் நானும் நேசம்மாவும் இரண்டு பக்கமும் பிடிக்க, விதானையார் மெல்ல நடந்தார். வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்ததுதான். பாதம் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முழங்கால் நடுங்கியது. உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது.

"தடி எங்கக்கா?" என்றேன்.

"உள்ளுக்குக் கிடக்கு." எடுக்கப் போக வேண்டுமானால் அவரை விட வேண்டும். விட்டால் அவர் விழுவார். நான் காலை நீட்டியிருக்கலாம், எத்தனையோ பேருக்கு நீட்டிய கால்தான். நீட்டப் போனேன். நேசம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையும் பார்க்கவில்லை. தன் கைக்குள் இருந்த அவருடைய வலது கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது அந்தப் பிடிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. நேசம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் அந்தக் கையிலேயே விழுந்தது.

சீலையை ஒரு கையால் கொஞ்சம் உயர்த்தி, தன் வலது காலை அவருக்கு முன்னால் படியில் குறுக்கே வைத்தார். நெல் துழாவிய கால். விரலிடுக்கில் உமி ஒட்டியிருந்தது.

விதானையார் அந்தக் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் காலைத் தூக்கினார். முழுதாகத் தாண்டவில்லை, அவருடைய பாதம் நேசம்மாவின் பாதத்தில் உரசிக்கொண்டுதான் போயிற்று. மறுகால் தானாக வந்தது. உள்ளே போய்விட்டார். போனவர் கிறுகப் பார்த்தார், முடியவில்லை. கையைக் கீழே கொண்டுபோகப் பார்த்தார், கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதற்கு. கை இடுப்போடு நின்றுவிட்டது.

"கால் பட்டிட்டு" என்றார்.

"பட்டா என்ன" என்றார் நேசம்மா. "உள்ளுக்கு வாங்க."

அவர்கள் உள்ளே நடந்து போனார்கள். நெல் மூட்டை அறையைத் தாண்டிப் போகும்போது நேசம்மா அதன் கதவை இழுத்துச் சாத்தினது எனக்குக் கேட்டது. பிறகு கதிரை இழுபடும் சத்தம். என்னை உள்ளே கூப்பிட இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. நான் வெளியில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஓட்டோவைப் பாக்கியத்தோடு அனுப்பிவிட்டு, நான் பாலத்தடிக்கு நடந்துபோய் பஸ் எடுத்தேன்.

விதானையார் அந்த வீட்டில் இருந்துதான் காலமானார். டொக்டர் நிலந்தி மாற்றலாகிப் போய்விட்டார். தடி என்னவானதென்று எனக்குத் தெரியாது.

அவரைக் கொண்டுபோய் விட்ட அன்று பொழுதுபடுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிவிட்டு, அப்பா மாப்பிள்ளைக்கென்று அகலமாகக் கட்டிய வாசற்படியில் நின்றேன். என் கால் ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை, நல்ல கால்கள். ஆனாலும் நின்றேன். உள்ளுக்கு வா என்று சொல்ல ஆளில்லை. நானே போனேன்.